கடலிலிருந்து இரண்டாவது வீடு

ஆர்லீன் ஸோப்சாக்குக்கு எதுவும் முதலில் கிடைத்ததில்லை. அமெரிக்காவின் பயோன் நகரத்தில், எண்ணெய்த் தொட்டிகளுக்குப் பக்கத்துத் தெருவில், மூன்று பெண்களில் நடுப்பெண்ணாகப் பிறந்தவள். அக்கா போட்டுக் கழித்த குளிர்கோட்டு அவளுக்கு வந்தது. அவள் போட்டுக் கழிப்பதற்குள் அது கிழிந்துபோனதால் தங்கைக்குப் புதுக்கோட்டு எடுத்தார்கள். அந்தப் புதுக்கோட்டின் பொத்தான்கள் என்ன நிறம் என்று அறுபது வயதுக்குப் பிறகும் அவளால் சொல்ல முடியும்.

கல்யாணமும் அப்படித்தான் அமைந்தது. தேவாலயக் கூடத்து நடனத்தில் வால்ட் முதலில் கை நீட்டியது அக்காவிடம். அக்கா உதட்டைச் சுழித்த பிறகுதான் பக்கத்து நாற்காலியில் இருந்த ஆர்லீன் அவன் கண்ணில் பட்டாள். நல்லவன், உழைப்பாளி. வீடுகளைச் சூடாக்கும் எண்ணெய்க் கொதிகலன்களைப் பழுது பார்ப்பவன். ஆயுள் முழுக்க யார் யார் வீட்டு நிலவறைகளிலோ இரைச்சலுக்கு நடுவே குனிந்து கிடந்து குடும்பத்தைக் காப்பாற்றினான். ஆனால் எந்தச் சண்டை எங்கே தொடங்கினாலும் ஆர்லீன் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான். "நீ கையை நீட்டினது முதல்ல அவகிட்டதானே?"

வால்ட் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இருவரும் நியூ ஜெர்ஸியின் கடற்கரைத் தீவு ஒன்றுக்குக் குடிபோனார்கள். ஷெல்ட்ரேக் பீச் என்று பெயர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி, நடுவில் துண்டுத் துணியை விரித்தாற்போல ஊர். அவர்கள் வாங்கியது கடலிலிருந்து இரண்டாவது வீடு. பயோனில் இருந்த சொந்தக்காரர்களிடம் ஆர்லீன் "கடலோரத்துல வீடு" என்றுதான் சொன்னாள். வந்து பார்த்த தங்கை, சமையலறை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு, "கடல் எங்கடி?" என்று கேட்டாள்.

கடலுக்கு முன்னால் வான்டர்வீர் வீடு நின்றது. மரத்தூண்களின் மேல் உயரமாகக் கட்டிய வீடு. கடல் பக்கம் முழுவதும் கண்ணாடி, அதையொட்டி அகலமான மரத்தளம். ஆர்லீனின் ஜன்னலுக்கு வாய்த்தது அந்த வீட்டின் பின்சுவரும் குப்பைத் தொட்டிகளும்தான். சூரியன் அங்கே உதித்து, அங்கேயே வெகுநேரம் தங்கி, பிறகுதான் இங்கே வரும். அதுவரை அந்த வீட்டின் நிழல் அவளுடைய தக்காளிச் செடிகளின் மேல் படுத்துக் கிடக்கும். கோடைக்கால மாலைகளில் மரத்தளத்தில் விருந்தாளிகள் சிரிக்கும் சத்தம் காற்றில் வரும்போது, தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றும்.

அந்த வீட்டுக்காரி ஸில்வியா வான்டர்வீர். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், கணவன் இறந்தபின் வருடம் முழுக்க அங்கேயே தனியாக இருந்தாள். ஆர்லீனைவிட ஏழெட்டு வயது மூத்தவள். நெட்டை, ஒல்லி, ஒட்ட வெட்டிய வெள்ளை முடி. கணவனின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு வந்தாலும் பார்க்க எடுப்பாக இருப்பாள். ஆர்லீன் ஈஸ்டருக்கு அலங்கரித்துக்கொண்டு போனால், "என்ன, உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள்.

இதெல்லாம் எந்தத் தெருவிலும் உள்ளதுதான். பொறாமைக்குக் கால் முளைத்தது ஸாண்டிப் புயலுக்குப் பிறகு.

ஊரைக் காலி செய்யச் சொல்லியும் ஸோப்சாக் தம்பதி போகவில்லை. அந்தி சாய்ந்ததும் கடல் தெருக்கோடியை உடைத்துக்கொண்டு வந்தது. வான்டர்வீர் வீட்டின் தூண்களுக்கு இடையே நெளிந்து புகுந்து, நேராக ஆர்லீனின் வாசற்கதவைப் பெயர்த்தது. இருவரும் மாடியறையிலேயே விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் வடிந்தபோது சமையலறையில் முழங்கால் உயரத்துக்கு மணல், ஃப்ரிட்ஜ் மல்லாந்து கிடந்தது. வரவேற்பறையின் நடுவே, யாரோ கொண்டுவந்து போட்டதுபோல, வான்டர்வீர் வீட்டு மரத்தளத்து நாற்காலி ஒன்று. மகள் வீட்டுக்குப் போயிருந்த ஸில்வியா திரும்பி வந்து பார்த்தபோது மரத்தளமும் படிக்கட்டும் போயிருந்தன, வீட்டுக்குள் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"தண்ணிக்குக்கூட ஆள் பாத்து நடக்கத் தெரியுது," என்றாள் ஆர்லீன்.

வால்ட் தன் வீட்டுத் தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டான். அது முடிந்ததும் ஸில்வியாவின் மரத்தளத்தைக் கட்டித் தரப் போனான். "அவகிட்ட இல்லாத வசதியா? ஆள் வெச்சுக் கட்டிக்கட்டுமே," என்று ஆர்லீன் சொல்லிப் பார்த்தாள். வேலை கோடைக்குள் முடிந்தது. அவன் போவது மட்டும் நிற்கவில்லை. காலையில் காப்பிக் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான்.

"எங்க கெளம்பிட்டே?"

"கடல் பாக்க."

"தெருக்கோடியில பெஞ்சு இருக்கு. செத்தவங்க பேரெல்லாம் பொறிச்சு வரிசையா போட்டு வெச்சிருக்காங்க. அதுல உக்காந்தா கடல் தெரியாதா?"

"அங்க காத்து."

"அவ வீட்ல மட்டும் காத்துக்கு லீவு விட்டிருக்காங்களாக்கும்."

அவன் திரும்பி நடந்தான். அதற்குமேல் அவள் சொன்னதெல்லாம் அவன் முதுகோடு நின்றது.

முதலில் அவன் 'மிஸஸ் வான்டர்வீர்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு 'ஸில்வியா' ஆயிற்று. ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "ஸில் சொன்னா, இந்த வருஷம் மீன் நெறையாம்," என்றான். ஆர்லீன் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். நாற்பது வருடத்தில் தன் பெயரை அவன் ஒரு எழுத்துகூடச் சுருக்கியதில்லை. வீட்டில் அவன் வாயிலிருந்து 'ம்' என்பதற்குமேல் வருவதில்லை. தொலைக்காட்சியைத் தெருவுக்கே கேட்கும்படி வைத்துவிட்டு, அவள் சமையலறையிலிருந்து எது கேட்டாலும் கல்லுப்போல உட்கார்ந்திருப்பான். அங்கே போனால் மட்டும் மீன் கணக்கெல்லாம் பேச வருகிறது.

அந்த இலையுதிர்காலத்தில்தான் மணல்மேட்டுத் திட்டம் வந்தது. கடலுக்குள்ளிருந்து மணலை உறிஞ்சியெடுத்து, கரை நெடுக மேடு கட்டி, அதன்மேல் புல் நடப்போகிறார்கள். அடுத்த புயல் வந்தால் அந்த மேடு அடி வாங்கிக்கொள்ளும், ஊர் தப்பிக்கும். ஒரே சிக்கல், மேடு அமைய வேண்டிய இடத்தில் பாதி, கடலை ஒட்டிய வீட்டுக்காரர்களின் சொந்த நிலம். அவர்கள் ஒரு உரிமைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நிலம் அவர்களுடையதாகவே இருக்கும். ஆனால் அதன்மேல் மணலைக் கொட்டவும் மேட்டைப் பராமரிக்கவும் அரசுக்கு என்றென்றைக்கும் உரிமை. ஒரு வீட்டுக்காரர் மறுத்தாலும் அந்த இடத்தில் மேடு அறுந்துபோகும். தண்ணீருக்கு அந்த ஓட்டை போதும்.

ஊர்மன்றத்தில் இதை விளக்கியவன் கார்மைன் ரஸுல்லோ. இரும்புச் சாமான் கடைக்காரன், மன்ற உறுப்பினன். கூட்டம் கலைந்ததும் ஆர்லீன் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடு எவ்ளோ ஒசரம் வரும், கார்மைன்?"

"இருபத்திரண்டு அடி."

"வான்டர்வீர் வீட்டு மரத்தளம் எவ்ளோ ஒசரம் இருக்கும்?"

கார்மைன் யோசித்தான். "பதினஞ்சு, பதினாறு இருக்கும். ஏன்?"

"சும்மா கேட்டேன்."

வீட்டுக்கு நடந்து வரும்போது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. இருபத்திரண்டு அடி! அந்தக் கண்ணாடிச் சுவருக்கு வெளியே கடல் இருக்காது, மணல்தான் இருக்கும். கடல் போய்விட்டால் வால்ட்டுக்கு அங்கே என்ன வேலை? தன் வீட்டுக்குத் தண்ணீர் வராமல் இருக்க வேண்டும் என்பதும் உண்மைதான், அதை யாரும் குற்றம் சொல்ல முடியாது. நியாயமும் வயிற்றெரிச்சலும் ஒரே பக்கத்தில் வந்து நின்றுவிட்ட பிறகு அவளை நிறுத்த ஆளில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவள் ஒன்றுக்குத் தலைவியானாள். 'கையெழுத்துப் போடு' என்று எழுதிய அட்டைகளை வீடு வீடாக நட்டாள். மழையிலும் ஊர்மன்ற வாசலில் நின்றாள். மறுத்தவர்களின் பெயர்களை ஊர்மன்றப் பலகையில் ஒட்டச் சொல்லி வாதாடியதும் அவள்தான். பலகையில் முதலில் ஏழெட்டுப் பெயர்கள் இருந்தன. ஒவ்வொன்றாகக் குறைந்து, வசந்தம் வந்தபோது ஒரே பெயர் மிச்சம். ஸில்வியா வான்டர்வீர். கடைத்தெருவில் சிலர் ஸில்வியாவைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். யாரோ அவள் கார்மேல் மணலை வாரிக் கொட்டியிருந்தார்கள். அது ஆர்லீன் செய்ததில்லை. அதற்காக அவள் வருத்தப்படவும் இல்லை.

ஒருநாள், வெண்ணெயும் சர்க்கரையும் பிசைந்த மாவை மேலே உதிர்த்துச் சுடும் க்ரம் கேக் செய்து எடுத்துக்கொண்டு அவளே நேரில் போனாள். அத்தனை வருடத்தில் அந்த வீட்டின் முன்னறைக்குள் அவள் கால் வைத்தது அன்றுதான். கண்ணாடி நெடுகக் கடல். சோபாவில் சாய்ந்தபடியே பார்க்கலாம், பாத்திரம் கழுவியபடியே பார்க்கலாம்.

"உக்காருங்க ஆர்லீன். மேடே வேணாம்னு நான் சொல்லல," என்றாள் ஸில்வியா. "அந்தப் பத்திரத்துல 'என்றென்றைக்கும்'னு ஒரு வார்த்தை இருக்கே, அதுதான் எனக்கு உறுத்துது. நாளைக்கு மேட்டைத் தள்ளிட்டு அதே எடத்துல நடைபாதையும் கழிப்பறையும் கட்ட மாட்டாங்கன்னு யார் உத்தரவாதம் தர்றது?"

"உங்க வீட்டுக்கு அடியில பூந்த தண்ணிதான் என் சமையலறைக்கு வந்துது, மிஸஸ் வான்டர்வீர்."

"தெரியும். வால்ட் சொன்னார்."

"வால்ட் வேற என்னென்ன சொன்னார்?"

ஸில்வியா ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு கேக்கை ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு, "உங்க க்ரம் கேக் மாதிரி இந்தக் கரையில எங்கயும் கெடையாதுன்னு சொல்வார். நெஜந்தான்," என்றாள்.

அந்தப் பாராட்டை ஆர்லீன் வீடுவரை சுமந்து வந்தாள், சுடும் சட்டியைச் சுமப்பதுபோல. அவளிடம் அவன் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அவளுடைய கேக் நன்றாக இருக்கிறது என்பதை அவளுக்கு அந்தப் பொம்பளை சொல்லி அனுப்ப வேண்டியிருக்கிறது!

மே மாதக் கூட்டத்துக்கு ஊரே திரண்டு வந்தது. ஆர்லீன் பின்வரிசையில் வால்ட்டுக்கு ஒரு நாற்காலி பிடித்து, அதன்மேல் தன் கைப்பையை வைத்திருந்தாள். ஸில்வியா முன்வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தாள், இருபுறமும் நாற்காலிகள் காலி. வால்ட் தாமதமாக வந்தான். "வால்ட்! இங்க! இங்க வா!" என்று ஆர்லீன் கை காட்டிக் கூப்பிட்டாள். பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். வால்ட் திரும்பவில்லை. நேராக நடந்துபோய் முன்வரிசையில் ஸில்வியாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அறையில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது.

ஆர்லீன் எழுந்து நின்றாள். பேச வந்ததை எல்லாம் மறந்துபோனாள்.

"சில பேருக்கு வீடும் வேணும், கடலும் வேணும், அடுத்தவங்க வீட்டுல இருக்கிறதும் வேணும். ஒரு பொம்பளை சோபாவுல படுத்துக்கிட்டு அலையை எண்றதுக்காக ஊரே முழுகணுமா?"

சிலர் கை தட்டினார்கள். ஸில்வியா எழுந்து, கூட்டத்தை நோக்கித் திரும்பி, நிதானமாகச் சொன்னாள். "கையெழுத்துப் போடாதது என் உரிமை. அதுக்காக என்னைத் திட்டறது உங்க உரிமை. யாரும் யார் வீட்டுலேருந்தும் எதையும் எடுக்கல."

வால்ட் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கட்டிய மனைவி பேசியபோது திரும்பிக்கூடப் பார்க்காதவன்! ஆர்லீன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

இரண்டு வாரம் கழித்துத் தக்காளிச் செடிக்குக் கொழுகொம்பு வாங்கப் போனபோது கார்மைன் கடைக்குள்ளிருந்தே கத்தினான். "ஆர்லீன்! ஜெயிச்சுட்டீங்க! அந்தம்மா நேத்து வந்து போட்டுட்டாங்க கையெழுத்து!"

அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "பாத்தியா? விடாம அடிச்சா அம்மியும் நகரும்... இல்ல, நான் அன்னிக்குக் கூட்டத்துல கேட்ட கேள்வி உறுத்தியிருக்கும்."

"அதான் நானும் கேட்டேன். அதில்லையாம். வால்ட் ஒரு வார்த்தை கேட்டாராம். அதுக்காகப் போடறேன்னாங்க."

கொழுகொம்பை வாங்காமலே வீட்டுக்கு வந்தாள். எத்தனை மாதம் மழையில் நின்றாள், எத்தனை வாசல் ஏறி இறங்கினாள். கேக் செய்தாள், கெஞ்சினாள், திட்டினாள். அத்தனைக்கும் அசையாத கல் அவன் ஒரு வார்த்தை சொன்னதும் உருகி ஓடுகிறது என்றால் அது என்ன வார்த்தை? அவர்களுக்குள் அது எப்படிப்பட்ட பேச்சு? வால்ட் நாற்காலியில் சாய்ந்து பேஸ்பால் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். அடுப்படியில் நின்றபடியே கேட்டாள்.

"அவகிட்ட என்ன சொன்னே?"

"ம்?"

"அவளை என்ன சொல்லி மசிய வெச்சேன்னு கேக்கறேன்!"

"மசியல் போதும். குழம்பு வேணாம்," என்றான் வால்ட், ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

கேலி செய்கிறான் என்று நினைத்தாள். அன்று இரவுச் சாப்பாடு சமைக்கவில்லை.

இலையுதிர்காலத்தில் தூர்வாரும் கப்பல் வந்து கடலில் நின்றது. ஆள் நுழையும் அளவுக்குப் பெரிய இரும்புக் குழாய்கள் கரையெங்கும் நீண்டன. கறுப்புத் தண்ணீரும் மணலும் கலந்து பீறிட்டு விழ, புல்டோசர்கள் பகலிரவாக அதைத் தள்ளித் தள்ளி மேடாக்கின. வான்டர்வீர் வீட்டுக் கண்ணாடியில் கடல் அடியிலிருந்து மறையத் தொடங்கியது. முதலில் மணல்கரை போயிற்று. பிறகு அலைகள், பிறகு மீன்பிடிப் படகுகள். கடைசியில் கடைக்கோடி நீலக்கோடும் போயிற்று. ஆர்லீன் தினமும் தெருக்கோடிவரை நடந்து அளவு பார்த்துவிட்டு வருவாள். வேலை முடிந்து இயந்திரங்கள் அடுத்த தெருவுக்கு நகர்ந்த அன்று, வால்ட்டுக்குப் பிடித்த போர்க் ரோல் என்ற பன்றியிறைச்சித் துண்டுகளையும் முட்டையையும் பொரித்து, நல்ல மேசைவிரிப்பை எடுத்து விரித்தாள்.

வால்ட் சாப்பிட்டான். வாயைத் துடைத்துக்கொண்டான். காப்பிக் கோப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

"எங்க?"

"ஸில் வீட்டுக்கு."

கடல் பார்க்க என்ற சாக்குக்கூட இப்போது இல்லை.

அவள் எச்சில் தட்டுகளைத் தொட்டியில் போட்டாள். பிறகு மேலங்கியைக்கூட மாட்டாமல் அவன் பின்னாலேயே போனாள். வான்டர்வீர் வீட்டுப் படிக்கட்டு வால்ட் கட்டியது, காலடிச் சத்தமே வரவில்லை. மேலே போய் மரத்தளத்தின் மூலையில் நின்று பார்த்தாள். முன்னால் சாம்பல் நிறத்தில் மணற்சுவர். நாற்காலிகள் இரண்டும் அதைப் பார்த்துப் போடப்பட்டிருக்கவில்லை, ஒன்றையொன்று பார்த்தபடி முழங்கால் இடிக்கும் தூரத்தில் இருந்தன. ஸில்வியா வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி உட்கார்ந்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். வால்ட் அவள் உதடுகளை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

"வெக்கமா இல்ல?" என்று கத்தினாள் ஆர்லீன்.

ஸில்வியா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். வால்ட் திரும்பவே இல்லை. அவன் முதுகு இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது.

"வால்ட்! உன்னைத்தான்! இந்த வயசுல, ஊரு சிரிக்க, அடுத்தவ வாயைப் பாத்துக்கிட்டு..."

ஸில்வியாவின் பார்வை போன திசையைப் பார்த்துத்தான் வால்ட் திரும்பினான். மனைவியைக் கண்டதும் அவன் முகம் வெளுத்தது.

"ஆர்லீன்," என்றாள் ஸில்வியா மெதுவாக. "இந்தப் பக்கம் வந்து, அவர் எதிர்ல நின்னு பேசுங்க. பின்னாலேருந்து பேசினா அவருக்குக் கேக்காது."

"என்ன கேக்காது?"

"ஸில், வேணாம்," என்றான் வால்ட்.

"எவ்ளோ நாளைக்கு வால்ட்? நீங்களே சொல்லுங்க. நான் உள்ள போறேன்." சொன்னபடியே அவள் எழுந்து உள்ளே போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வால்ட் கோப்பையைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். "காது போயிடுச்சு," என்றான் கடைசியில். "இடது காது சுத்தமா. வலது காதுல கொஞ்சம் இருக்கு. கொதிகலன் சத்தத்துல போனதுதான். ரொம்ப வருஷமாவே."

ஆர்லீன் ஸில்வியாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அவளுக்கு எப்படித் தெரியும்?"

"காது கேக்காத பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல முப்பது வருஷம் வேலை பாத்தவ. மரத்தளம் கட்ட வந்த மொத நாளே கண்டுபிடிச்சுட்டா. உதட்டைப் பாத்து எப்படிப் புரிஞ்சுக்கறதுன்னு சொல்லித் தர்றா. அதுக்குத்தான் வர்றேன்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கத்துவே. ஊரு பூரா தெரிஞ்சிடும். அதுகூடப் பரவாயில்ல." அவன் மணல்மேட்டைப் பார்த்தான். "நீ என்னைக் கெழவன்னு பாத்துடுவியேன்னு இருந்துது."

நாற்பது வருடமாகத் தன்னை அவன் ஏறிட்டுப் பார்ப்பதில்லை என்று பொருமிக்கொண்டிருந்தவள் அவள். அவள் பார்வைக்கு அவன் பயந்துகொண்டிருந்திருக்கிறான். ஆனாலும் பழைய இடத்தில் பழைய வலி எழத்தான் செய்தது. முதலில் தெரிந்துகொண்டவள் இன்னொருத்தி.

"கையெழுத்துக்கு என்ன சொன்னே அவகிட்ட?"

இந்த முறை அவள் நேர் எதிரே இருந்தாள். அவனுக்குப் புரிந்தது.

"புயல் அன்னிக்கு நீ கீழ சமையலறையில நின்னு என்னைக் கூப்பிட்டியாமே. தண்ணி இடுப்புக்கு வந்த பிறகு நீயே மாடிக்கு வந்து என்னை உலுக்கி எழுப்பினே. அதுவரைக்கும் எனக்கு ஒண்ணுமே கேக்கல. நாற்காலியில தூங்கிக்கிட்டிருந்தேன், ஆர்லீன். அடுத்த தடவை வந்தாலும் எனக்குக் கேக்காது. அதான் சொன்னேன், ஆர்லீன் கூப்பிடுறது எனக்குக் கேக்காது ஸில், அந்த மேடு எங்களுக்கு வேணும்னு. அவ்ளோதான் சொன்னேன்."

கண்ணாடிக்குப் பின்னால் ஸில்வியா தலையைக் குனிந்தபடி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். எதிரே கடல் இல்லை. தன் கடலை அந்தப் பெண் எதற்காக விட்டுக்கொடுத்தாள் என்பது ஆர்லீனுக்குத் தெரிந்துவிட்டது. நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொல்லிவிட்டால் அதிலும் அவளே உயர்ந்து நிற்பாளே என்றும் தோன்றியது. அன்று சொல்லவில்லை. கேட்டது வேறு. கண்ணாடியைத் தட்டி, "எனக்கும் ஒரு காப்பி கெடைக்குமா?" என்றாள்.

அதற்குப்பின் மூன்றாவது நாற்காலி ஒன்று போடப்பட்டது. பேசும்போது வாயைக் கையால் மூடக் கூடாது, வெளிச்சத்துக்கு முதுகு காட்டக் கூடாது, அடுத்த அறையிலிருந்து கூப்பிடக் கூடாது என்பதையெல்லாம் ஆர்லீன் பல்லைக் கடித்துக்கொண்டு ஸில்வியாவிடம் கற்றுக்கொண்டாள். வால்ட்டைக் காதுக் கருவி மாட்டவைக்க ஒரு குளிர்காலம் பிடித்தது. மாட்டிய முதல் நாள் அவன் கடற்பறவைகளின் சத்தத்தைக் கேட்டு எரிச்சலடைந்தான். அடுத்த பிப்ரவரியில் வடகிழக்கிலிருந்து வந்த புயல் மேட்டின் முன்பாதியைக் கத்தியால் வெட்டியதுபோலத் தின்றுவிட்டுப் போனது. தெருவுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. புல் நடுவதற்கு ஊரார் கூடியபோது ஸில்வியாவும் ஆர்லீனும் ஒரே வரிசையில் குழி தோண்டினார்கள். ஸில்வியாவின் குழிகள் நேர்கோட்டில் இருந்தன. ஆர்லீன் மதியத்துக்குமேல் திரும்பி வந்து தன் வரிசையைப் பிடுங்கி மறுபடி நட்டாள்.

நன்றியை அவள் சொன்னது ஸில்வியா ஊரைவிட்டுப் போகும் நாளில். எழுபத்தைந்து வயதில் மாடிப்படி ஏற முடியாமல், வடக்கே வெர்மான்ட் மாநிலத்தில் மகளோடு இருக்கப் போனாள் ஸில்வியா. சாமான் வண்டி கிளம்பும் நேரத்தில் ஆர்லீன் ஒரு கேக்கை வண்டி ஜன்னல் வழியாக நீட்டி, "அன்னிக்குப் போட்டீங்களே கையெழுத்து, அதுக்கு," என்றாள். "வால்ட்டைப் பாத்துக்குங்க, ஆர்லீன்," என்றாள் ஸில்வியா. நாற்பத்தைந்து வருடமாகப் பார்த்துக்கொள்கிறவளிடம் சொல்கிற சொல்லா அது என்று ஆர்லீனுக்குச் சுருக்கென்றது. ஆனால் வண்டி திருப்பத்தில் மறையும்வரை கை ஆட்டிக்கொண்டுதான் நின்றாள்.

அந்த வீட்டை வாங்கியவர்கள் அதை ஒரு மாடி உயர்த்திக் கட்டி, மேட்டுக்கு மேலாகக் கடல் பார்க்கிறார்கள். அவர்கள்மேல் ஆர்லீனுக்கு இருக்கும் கோபம் தனிக் கதை.

ஸில்வியா ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் செய்கிறாள். கருவி மாட்டியும் வால்ட்டுக்கு ஃபோனில் குரல் பிடிபடுவதில்லை. அதனால் ஆர்லீன்தான் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, அவனுக்கு எதிரே உட்கார்ந்து, வெளிச்சத்தைப் பார்த்து முகத்தை நிமிர்த்தி, ஸில்வியா சொல்வதை ஒவ்வொரு வார்த்தையாக அவனுக்குச் சொல்கிறாள். "பனி முழங்கால் வரைக்குமாம்." "பேத்தி பியானோ வாசிக்கறாளாம்." "அந்த ஊர் ரொட்டி வாயில வைக்க முடியலையாம்." வால்ட் அவள் உதடுகளைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவான், சிரிப்பான், அவனுடைய பதிலை அவள் ஃபோனில் சொல்வாள். எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் சொல்கிறாள். ஸில்வியா சில நாள் குரலைத் தாழ்த்தி, "வால்ட்கிட்ட சொல்லுங்க, இங்க எனக்குப் பேச ஆளே இல்லேன்னு," என்பாள். அதை மட்டும் ஆர்லீன் சொல்வதில்லை.

"என்ன சொல்றா?" என்பான் வால்ட், அவள் வாயைப் பார்த்தபடி.

"உன்னைக் காதுக் கருவியோட பேட்டரியை மாத்தச் சொல்றா," என்பாள்.